மெமரி கார்டில் இருந்த பதினோரு நிமிஷம்

அன்புள்ள வாலுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் சுகம் என்று போன வாரம் போனில் சொன்னாய், நீ சொல்வதை இனிமேல் அப்படியே நம்பலாமா என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பது நாளைக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன், அதையெல்லாம் நீ படிக்காமல் இருந்ததே நல்லது. போனில் கேட்கலாமே என்பாய். போனில் கேட்டால் நீ சரிம்மா சரிம்மா என்பாய், அப்புறம் மூக்கை உறிஞ்சுவாய், நான் மனசு கேட்காமல் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன், விஷயம் அதோடு கரைந்து போய்விடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நீ அனுப்பிய ட்ரோனைப் பற்றித்தான். அனுப்பும்போது என்ன சொன்னாய், அப்பா இனிமேல் ஏணியைத் தொடவே வேண்டாம், கீழே நின்றபடி கூரை முழுவதையும் போனில் பார்த்துவிடலாம், எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னால் போதும், ஏறுகிற வேலையைக் கூலிக்கு வருகிறவர் பார்த்துக்கொள்வார் என்றாய். வேலைக்குப் போன இடத்தில் ஓட்டுக் கூரையிலிருந்து விழுந்து இடுப்பில் தகடு வைத்துக்கொண்ட மனுஷருக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது என்று நானும் நம்பினேன். ஆனால் அது வந்த நாளிலிருந்தே தகராறுதான். ரிமோட்டில் கையை எடுத்தாலும் நிற்காமல் இடது பக்கமாகவே நழுவும், திரைச்சீலையில் போய்ச் சிக்கும், அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். போனில் வருகிற படமோ பறக்கிற நேரம் பார்த்து அப்படியே உறைந்துவிடும். சரியாகிவிட்டதா என்று அப்பாவைக் கேட்டால் பழகப் பழக வந்துரும் என்பார். உன்னைக் கேட்டால் அப்பா சூப்பரா கத்துக்கிட்டாரும்மா என்றாய். போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை தையல்காரம்மா வீட்டு ஒழுகலைப் பார்க்கப் போய்விட்டு ஒரு பக்கத்து இறக்கையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையம் உடைந்த ட்ரோனோடு வந்தார். என்ன ஆச்சு என்றேன், சுவத்துல லேசா இடிச்சுருச்சு என்றார். அன்றைக்குச் சாயங்காலம்தான் நீயும் அந்த சூப்பரைச் சொன்னாய், தேதியைக் குறித்துக்கொள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நானே அதை எடுத்து மேஜையில் பரப்பினேன். பத்தொன்பது வயசில் உன்னைப் பெற்று, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு இயற்பியல் படித்துப் பாஸ் செய்தவள் நான், ஒரு பொம்மை என்னை ஏமாற்ற விடுவேனா. முதலில் இறக்கைகளைப் பார்த்தேன், அதில் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்து மாட்ட வேண்டியதை இரண்டு இடத்தில் மாற்றி மாட்டியிருந்தாரோ என்று, அது சரியாகத்தான் இருந்தது. பின்பக்க இடது மோட்டாரில் நீளமாக ஒரு முடி சுற்றியிருந்தது, என் முடிதான், ஊசியால் எடுத்தேன். அப்படியும் நழுவியது. அப்புறம்தான் கேட்டேன், எது சமதளம் என்று இதற்கு மட்டம் பழக்கினீர்களே, எதன் மேல் வைத்துப் பழக்கினீர்கள் என்று. சாப்பாட்டு மேஜை மேலே என்றார். ஒரு காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறோமே, அந்த மேஜை. அவருடைய பையிலிருந்தே ரசமட்டத்தை எடுத்து மேஜையில் வைத்தேன், குமிழி ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. பாவம் அந்த ட்ரோன், சாய்வுதான் மட்டம் என்று கற்றுக்கொண்டு அதன்படி நேர்மையாகப் பறந்திருக்கிறது. இருபத்தைந்து வருஷம் கூரை வேலை செய்கிற ஆள் ரசமட்டம் வைத்துப் பார்க்க மாட்டாரா என்றால், என் கண்ணே ரசமட்டம்தான் என்று எழுந்து போய்விட்டார். தரையில் வைத்துத் திரும்பப் பழக்கினேன், கூடத்தின் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

அடுத்தது படம். ட்ரோனின் வைஃபையில் இன்டர்நெட் கிடையாது என்று போன் தானாகவே அதை விட்டுவிட்டு டேட்டாவுக்குத் தாவிக்கொண்டிருந்தது, அது ஒரு கோளாறு. ஆனால் கேமராவும் கெட்டிருந்தால் என்ன செய்வது. கார்டில் பதிவானது தெளிவாக இருந்தால் கேமரா நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை, மெமரி கார்டை லேப்டாப்பில் போட்டேன். வியாழக்கிழமைப் பதிவு தெளிவாகவே இருந்தது. தையல்காரம்மா வீட்டு மாடி, மரம், கூரை, இடது பக்கமாக நழுவி ஓட்டின் மேல் ஒருக்களித்து விழுந்தது, அதற்குப் பிறகு பதினோரு நிமிஷம் வெறும் கூரை ஓடும் வானமும்தான். நிறுத்தப் போனேன், அப்போது ஓரத்தில் ஏணியின் நுனி ஆடியது. இரண்டு கை வந்தது. உன் அப்பாவின் தலை வந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே தகடு வைத்த பக்கத்துக் காலை இழுத்து ஓட்டின் மேல் முழங்காலை ஊன்றுகிறார், அந்த ஓடு நகர்கிறது, அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அந்தச் சிரிப்பை நான் இரண்டு வருஷமாகப் பார்த்ததில்லை. பார்த்துச் சந்தோஷப்படக்கூட அந்த ஓடு விடவில்லை. அவர் போனை எடுத்துப் பார்த்தேன். வியாழன், பத்து நாற்பது, வாலு, பத்தொன்பது நிமிஷம்.

நடந்ததை அவர் வாயிலிருந்தே வாங்கிவிட்டேன். அது பறந்துகொண்டிருந்தபோது நீ கூப்பிட்டிருக்கிறாய், பறக்குதாப்பா என்று கேட்க. உன் அழைப்பு வந்ததும் படம் மறைந்தது, எங்கே போகிறது என்று தெரியாமல் அவர் திணற, அது கூரையில் போய் விழுந்தது. மேலதான்டா இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன் என்றாராம். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். பாத்துப்பா, ஜாக்கிரதை என்றாயாம். அவ்வளவுதானா. ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினேழு நாள் பெஞ்சில் படுத்தவள் நான், அவருக்குச் செருப்பு மாட்டிவிட்டவள் நான், ஏணியில் நின்றபடி உனக்கு வேடிக்கை காட்டுகிறவருக்கு ஜாக்கிரதை சொல்ல நீ. சாயங்காலம் என்னிடம் சூப்பர். நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும், அவர் விழுந்தபோது நான் உன்னிடம் நாலு நாள் மறைத்தேனே என்று. மறைத்தேன். உனக்குப் பரீட்சை இருந்தது. அன்றைக்கு நீ என்னைக் கேட்ட கேள்வி, எனக்கு அப்பா இல்லையாம்மா என்றாயே, அது இன்னும் ஆறவில்லை. நான் செய்தது தப்புதான். அந்தத் தப்பை நீ திருப்பிச் செய்து கணக்கைச் சரிக்கட்ட வேண்டாம்.

அப்பாவை உட்கார வைத்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். தலையைக் குனிவார் என்று பார்த்தால், கொஞ்சம் நிறுத்து, பின்னால போ, இன்னும் கொஞ்சம் என்கிறார். திரையில் விரலை வைத்து, முகட்டு ஓட்டுக்குக் கீழ சிமெண்ட் விட்டுப்போயிருக்கு பாரு, தண்ணி அது வழியாத்தான் இறங்குது, மேல போயும் எனக்குத் தெரியலையே என்று ஆச்சரியப்படுகிறார். ஒரு பெண்பிள்ளை எதிரே நின்று கத்திக்கொண்டிருக்கிறேன், இந்த ஆளுக்கு ஒழுகல் கிடைத்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி நான் அவரோடு பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே, நீ ஓட்டு, நான் படத்தைப் பாக்கறேன் என்றார்.

ஆகையால் இப்போதைய ஏற்பாடு இது. பள்ளி ஆய்வகத்தில் எனக்கு மதியத்தோடு வேலை முடிகிறது, அதற்குப் பிறகு வருகிற வேலைகளுக்கு மட்டும் ட்ரோன் போகும், ஓட்டுவது நான். பறக்கும்போது போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறப்பேன், யார் கூப்பிட்டாலும் கிடைக்காது, நீயும்தான். இதை நீ முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், தெரியாதென்றால் தெரியாது என்றாவது சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுக்குப் போனோம். கூரை முழுவதையும் சுற்றிப் பார்த்தோம், படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவர் பக்கத்தில் நின்று இடப்பக்கம் போ, கிட்டப் போ என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஆனால் நல்ல கால் ஏணியின் முதல் படியில் ஏறி இருந்தது. நான் பார்த்ததும் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் திரும்ப வைத்தார்.

என் பேச்சை அவர் கேட்க மாட்டார், உனக்கே தெரியும். உன் பேச்சைக் கேட்பார். போகாதீங்கப்பா என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ட்ரோனை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பார், அதனால்தான் அவர் மேல் வந்ததைவிட உன் மேல் எனக்குக் கோபம் அதிகம். இது இன்னும் பத்து நாளைக்காவது இருக்கும், சமாதானம் செய்ய எதையும் வாங்கி அனுப்பாதே.

வேளைக்குச் சாப்பிடு, முழுத் தூக்கம் தூங்கு. நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நல்ல மனுஷர்கள் நடுவில், நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு, கோபத்தில் இருப்பதால் ஆசீர்வாதத்தில் நான் எதையும் குறைக்கவில்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பா போனில் பேசும்போது காற்றுச் சத்தம் அதிகமாகக் கேட்டால் எங்கே நிற்கிறீர்கள் என்று கேள். மேலே என்றால், ஜாக்கிரதை என்று சொல்லாதே, இறங்குங்க என்று சொல். தரையில் கால் வைத்துவிட்டேன் என்று அவர் சொல்லும்வரை வேறு ஒரு வார்த்தை பேசாதே. அப்புறம் என்னைக் கூப்பிடு.

உன்மேல் கோபமாக இருக்கும்,
அம்மா