இருவாச்சிப் பத்திக்கு நீ போட்ட விடை

உன் பக்கம் ஒன்று என்னிடம் திரும்பி வந்திருக்கிறது. கைபேசியில் எடுத்து அனுப்பிய படம். நம் பயிற்சி நூலின் கருத்தறிதல் பக்கம்தான். ஓரத்தில் யார் வீட்டுக் குழம்போ பட்டு மஞ்சளாக இருக்கிறது. மையக்கருத்து யாது என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை பென்சிலால் இரண்டு என்று எழுதியிருக்கிறாள். அதன்மேல் ஆசிரியர் போட்ட சிவப்புப் பெருக்கல் குறி. பக்கத்தில் நீல மையில் பெரிய கேள்விக்குறி. அது அவள் அப்பா போட்டதாக இருக்க வேண்டும்.

அவர் ஒரு குரல்பதிவும் அனுப்பியிருந்தார். "என் மக ரெண்டுன்னு போட்டிருக்கா. உங்க புக்ல மூணுன்னு இருக்கு. நானும் படிச்சுப் பார்த்துட்டேன், என் வைஃபும் படிச்சுட்டா. எப்படிப் பார்த்தாலும் ரெண்டுதான் வருது. கொஞ்சம் செக் பண்ணிச் சொல்லுங்க லா, இவ அதையே சொல்லிக்கிட்டு இருக்கா." கோபமில்லாத குரல். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுபதிப்பு நாளை அச்சுக்குப் போகிறது. உன் நாற்காலியில் இப்போது கவிதா என்ற பெண் உட்காருகிறாள். வேகமான எடிட்டர், உனக்குப் பிடித்திருக்கும். "அக்கா, ஈவினிங்குள்ள சொல்லிடுங்க. மூணா, ரெண்டா? ஒரு நம்பர் மாத்தற வேலைதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது நீ கடைசியாக எழுதிய பத்தி என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் பாவம், மூன்றே இருக்கட்டும் என்பாள்.

நீ போன பிறகு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அழவில்லை. தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், ஈசூனில் ரயிலேறி வேலைக்கு வருகிறேன். பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அதுபோல அவ்வப்போது தொட்டுப் பார்க்கிறேன். கன்னம் இருக்கிறது, ஆனால் வேறு யாருடையதோ போல இருக்கிறது. இது சரியில்லை என்று தெரிகிறது. அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மண்டாயில் உன்னைத் தகனம் செய்த அன்று உன் அண்ணனின் நண்பர் ஒருவர் நாலு வார்த்தை பேசினார். நாலு வார்த்தை நாற்பது நிமிடம் போல நீண்டது. நான் பழக்கதோஷத்தில், எதைப் பற்றிப் பேசுகிறார், அதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று தேடிக்கொண்டே நின்றேன். பாதிப் பேச்சு அவரைப் பற்றியே இருந்தது. இதை உன் காதில் சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினேன். அந்தப் பக்கம் உன் அண்ணி நின்றிருந்தார்.

நம் வேலையைச் சொன்னால் வெளியில் யாருக்கும் புரியாது. சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பெண்கள் இத்தனை வருடமாக ஒரு பக்கத்துக்கு மேற்படாத பத்திகளை எழுதித் தள்ளினோம். தேனீ, மின்தூக்கி, தூக்கமின்மை, மழைநீர், நீர்நாய். ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வி, நான்கு விடைகள். பத்தி எழுதுவது எனக்கு வரும். தவறான விடை எழுதுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

"தப்பான விடை பொய்யா இருக்கக்கூடாதுடி. பொய்ய எந்தப் பிள்ளையும் கண்டுபிடிச்சிரும்" என்பாய். ஆகையால் உன் தவறான விடைகள் எல்லாம் உண்மைகளாகவே இருந்தன. ஒன்று பத்தியின் ஏதோ ஒரு வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று சிங்கப்பூர் முழுவதையும் மூடுகிற அளவுக்கு அகலமாக இருக்கும். மூன்றாவது வகைதான் உனக்குச் செல்லம். அது உலகத்தில் உண்மை, மனத்துக்கும் சரியென்று படும், ஆனால் பத்தியில் இருக்காது. நல்ல பிள்ளைகள்தான் அதில் போய் விழும் என்று சொல்லிச் சிரிப்பாய். நெஞ்சில் இருப்பதை வாசிக்காதே, தாளில் இருப்பதை வாசி என்று நூலின் முன்னுரையில் போடலாமா என்று ஒருமுறை கேட்டேன். பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்று மறுத்துவிட்டாய்.

என் பத்திகள் உனக்கு ஒருநாளும் முழுதாகப் பிடித்ததில்லை. ஆகவே நாம் அனைவரும் நீரைச் சேமிப்போமாக என்கிற மாதிரி ஒரு வரியில் நான் முடித்திருப்பேன். நீ சிவப்புப் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, "கடைசி வரிக்கு மாலை போட்டு அனுப்பாதடி. பிள்ளைங்க மேல படிக்காம நேரா அங்க போய் நிக்குதுங்க" என்பாய். எனக்குச் சுருக்கென்று இருக்கும். பிறகு நீயே தேக்காவுக்குச் சாப்பிடப் போகலாம் என்று கூப்பிடுவாய்.

அங்கேதான் நம் உண்மையான சோதனை நடக்கும். நான் எழுதியதை நீ, நீ எழுதியதை நான். நான்கு விடைகளையும் கையால் மூடிக்கொண்டு பத்தியை ஒருமுறை வாசிக்க வேண்டும். மற்றவள் கேட்பாள்: "எதப் பத்தி? அதப் பத்தி என்ன?" ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். சொன்னது பட்டியலில் உள்ள விடையோடு ஒத்துப்போனால் அச்சுக்குப் போகும். ஒத்துப்போகாவிட்டால் மீன் பிரியாணி ஆறிப்போகும்வரை சண்டை. நம் கைக்குத் தப்பி ஒரு பத்தியும் வெளியே போனதில்லை, இந்த ஒன்றைத் தவிர.

இருவாச்சியை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். சாங்கியில் உன் அண்ணன் விமானச் சரக்குப் பிரிவில் வேலை முடித்து வரும்வரை, கடற்கரைப் பக்கம் நாசி லெமாக் சோறு வாங்கி உட்கார்ந்திருந்தோம். பெரிய மஞ்சள் அலகோடு ஒன்று மரத்தில் வந்து இறங்கியது. பக்கத்து மேசை ஆட்கள் படம் எடுக்க ஓடினார்கள். நீ எழுந்திருக்கவில்லை. "இதோட பொண்டாட்டி எங்கயோ பொந்துக்குள்ள அடைஞ்சு கிடக்கும். இது வேலைக்குப் போய்ட்டு வர்ற மாதிரி வந்து உக்காந்திருக்கு பாரு" என்றாய். அப்போது உனக்கு உடம்பு நன்றாக இருந்தது. கால் வலிக்கிறது என்று மட்டும் சொல்வாய்.

அடுத்த வருடம் மருத்துவமனையில் உன்னைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்தார்கள். இரத்தத்தில் நோய், மருந்து கொடுத்தபின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, யாரும் உள்ளே வரக்கூடாது என்றார்கள். உன் அண்ணன் புக்கிட் மேராவிலிருந்து, ஷிஃப்ட் இல்லாத நாளில் வந்து போவார். மற்ற நாளில் நான். கொதிக்கக் கொதிக்க வைத்த கஞ்சியை மட்டும் அனுமதித்தார்கள். தாதியிடம் கொடுத்துவிட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். நீ அந்தப் பக்கம் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு எனக்கு ஃபோன் போடுவாய். முகத்தைப் பார்த்துக்கொண்டே ஃபோனில் பேசுவது எனக்குப் பழகவே இல்லை.

"உப்பே இல்ல."

"டாக்டர் குறைச்சுப் போடச் சொன்னாங்க."

"டாக்டரா சாப்பிடப் போறாரு? நாளைக்கு மீதிப் பக்கத்த முடிச்சு அனுப்பிடறேன். ஒண்ணுதான் பாக்கி."

நன்றி என்று ஒருநாளும் நீ சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. நமக்குள் அந்தச் சொல்லுக்கு வேலையே இருந்ததில்லை. அந்தக் கடைசிப் பத்தியை என்னிடம் காட்டாமல் நேராக அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாய். ஏன் காட்டவில்லை என்று கேட்டதற்கு, "தேக்கா இல்லாம டெஸ்ட் எப்படி நடத்தறது?" என்றாய். பிறகு நானும் அதைப் பார்க்கவில்லை. பார்க்கிற மாதிரி நாட்கள் அதன்பின் வரவில்லை.

இன்று காலைதான் பார்த்தேன். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்கிறது. மெல்லிய இடுக்கு ஒன்று மட்டும் விடுகிறது. ஆண் பறவை அதன் வழியாகப் பழமும் பூச்சியும் ஊட்டுகிறது. பாம்பும் உடும்பும் உள்ளே வர முடிவதில்லை. குஞ்சுகள் பத்திரமாக வளர்கின்றன. அவ்வளவுதான் பத்தி. கடைசி வரிக்கு மாலை கிடையாது. கீழே நான்கு விடைகள்: ஆண் இருவாச்சி பழங்களைக் கொண்டுவருகிறது. இருவாச்சிகள் பொந்தை அடைத்துக் குஞ்சுகளைப் பாதுகாக்கின்றன. வெளியே இருக்கும் பறவையை நம்பியே உள்ளே இருக்கும் பறவை உயிரோடு இருக்கிறது. சிங்கப்பூரில் பலவகைப் பறவைகள் வாழ்கின்றன. பின்பக்க விடைப்பட்டியலில் மூன்று என்று இருக்கிறது.

உன்னைக் காப்பாற்ற என்னால் ஆனதைச் செய்தேன். ஒவ்வொரு வாக்கியமாக மூடிவிட்டு, எது இல்லாவிட்டால் பத்தி நிற்காது என்று பார்த்தேன். ஆண் பறவையை மூடினால் பத்தி நொண்டிக்கொண்டாவது நிற்கிறது. பாம்பையும் குஞ்சையும் மூடினால் எதற்காக அடைத்துக்கொண்டது என்றே தெரியவில்லை. எனக்கு ஆற்றாமையாக வந்தது. கவிதாவைத் தேக்காவுக்குக் கூட்டிப்போனேன். விடைகளைக் கையால் மூடிக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். அவள் ஒரு மாதிரி பார்த்தாள்.

"எதப் பத்தி?" என்று கேட்டேன்.

"இருவாச்சி கூடு."

"அதப் பத்தி என்ன?"

"உள்ள பூட்டிக்கிட்டு குட்டிங்கள சேஃபா வளர்க்குது. ரெண்டுதான்கா, டவுட்டே இல்ல." பிறகு கையை எடுத்துவிட்டு விடைகளைப் பார்த்தாள். "இந்த மூணாவது எங்கேர்ந்து வந்துச்சு? நம்பறது பத்தியெல்லாம் பேப்பர்லயே இல்லையே."

இல்லைதான். பேப்பரில் இல்லை. பிள்ளைகளுக்கு இத்தனை வருடம் விரித்துவைத்த வலையில் நீயே போய் விழுந்திருக்கிறாய். மருந்து மயக்கத்தில் விழுந்தாயா, தெரிந்தே விழுந்தாயா என்பது எனக்கு இனி தெரியப்போவதில்லை. கவிதா தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து என் கஞ்சியைக் குறை சொன்ன நேரத்தில், மடியில் இந்தப் பத்தியை வைத்திருந்தாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அலுவலகம் திரும்பியதும் ஒரு திருட்டு வேலை செய்து பார்த்தேன். விடையை அப்படியே விட்டுவிட்டுப் பத்தியை மாற்றினால் என்ன? ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தால் மூன்று சரியாகிவிடும். எழுதினேன், நன்றாகவே வந்தது. திரையில் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தச் சிறுமி நீ எழுதியதை எழுதியபடி வாசித்து இரண்டு என்று போட்டிருக்கிறாள். ஊரில் எத்தனை பிள்ளைகள் அப்படிப் போட்டு மதிப்பெண் இழந்தார்களோ. நீ உயிரோடு இருந்திருந்தால் என் தலையில் குட்டியிருப்பாய். அந்த வாக்கியத்தை அழித்தேன். மூன்றை எடுத்துவிட்டு இரண்டு என்று போட்டேன். கவிதா சொன்னதுபோல ஒரு நம்பர் மாற்றுகிற வேலைதான். ஊசியின் மரப்பு விடும்போது வருவதுபோல எங்கோ வலித்தது. நீ போனபின் என் உடம்பு தானாகச் செய்த முதல் காரியம் அது.

அந்த அப்பாவுக்கும் குரல்பதிவு அனுப்பினேன். "உங்க மக சரியாத்தான் படிச்சிருக்காங்க. புக்லதான் தப்பு. மன்னிச்சிருங்க. டீச்சர்கிட்ட காட்ட நான் எழுதியே தர்றேன்." உடனே பதில் வந்தது. "தேங்க்ஸ்கா. அப்ப மூணுன்னு ஏன் போட்டிருந்தாங்கன்னு கேக்கறா." எழுதியவர் கவனிக்காமல் போட்டுவிட்டார் என்று பதில் சொன்னேன். அது பொய்.

இனி அச்சாகிற ஒவ்வொரு நூலிலும் அந்தப் பத்திக்கு விடை இரண்டு. மூன்று என்கிற பழைய பக்கம் என் மேசையில் இருக்கிறது. நீ அதைப் பிள்ளைகளுக்கு எழுதவில்லை. வாசித்துவிட்டேன்.