மூன்று கரண்டி சர்க்கரை

செப்டம்பர் 3, 1996

ஆப்பிள் பறித்து முடித்தேன். முதுகு விண்விண் என்று தெறிக்கிறது. சாயங்காலம் வால்ட்ராவுட் வந்தாள். எங்கள் ஊர் இசைச் சங்கத்தின் தலைவி. கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கும் பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

"ரோஸ்விதா, கேட்டியா! நம்ம எக்கார்ட் வர்றான். ஊர் ஊரா அக்கார்டியன் வாசிச்சுக்கிட்டு வர்றானாம். பதிமூணு வருஷமாச்சு! உன் வீட்லதான் தங்கணும், அவன் குடியிருந்த அதே மாடி ரூம்ல. சரியா?"

சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

செப்டம்பர் 4

தூங்கவில்லை.

செப்டம்பர் 7

இந்த நோட்டிடமாவது உண்மையைச் சொல்கிறேன்.

எக்கார்ட் நான்கு வருடம் என் மாடியில் குடியிருந்தான். யார் யார் வருகிறார்கள், என்ன பாடுகிறான் என்று மாதம் ஒருமுறை அன்றைய அரசின் ரகசியப் போலீசுக்கு எழுதிக் கொடுத்தேன். எழுதி வாங்கியவர்கள் எனக்கு ஒரு பெயரும் வைத்தார்கள்: மார்த்தா. மகளுக்குக் கல்லூரியில் இடம் வேண்டியிருந்தது. மறுத்திருக்கலாம். பக்கத்துத் தெரு தையல்காரி மறுத்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்பத்து மூன்றில், ஹங்கேரி வழியாக மேற்கே தப்பிப்போகப் பார்க்கிறான் என்று எழுதினேன். பதினான்கு மாதம் சிறையில் இருந்தான். பிறகு அவர்களே நாட்டை விட்டு மேற்கே அனுப்பிவிட்டார்கள்.

காப்பிக்கு மூன்று கரண்டி சர்க்கரை போடுகிறான் என்றுகூட எழுதினேன். எதுக்கு? பக்கம் நிரம்பணுமே, அதுக்குத்தான்.

அந்த அரசு போய்விட்டது. இப்போது தன்னைப் பற்றிய போலீஸ் கோப்புகளை அவரவரே கேட்டு வாங்கிப் படிக்கலாம். அவன் படித்தானா?

செப்டம்பர் 14

ஊரே ரயிலடிக்கு வந்துவிட்டது. தீயணைப்புப் படையின் பேண்டு வாத்தியம், மேயரின் வரவேற்புப் பேச்சு, தட்டுத் தட்டாகப் பிளம் கேக். கிழவிகள்கூட அவன் கன்னத்தைக் கிள்ளினார்கள். தலை முழுக்க நரைத்துவிட்டது. வலது கைச் சுண்டுவிரல் மடங்கவில்லை. வால்ட்ராவுட் கேட்டதற்கு, "ஜெயில் கதவு கடிச்சிடுச்சு. மீதி ஒம்பது போதும், வாசிச்சுடுவேன்" என்று சிரித்தான்.

என் வீட்டில் எல்லோருக்கும் காப்பி ஊற்றினேன். அவன் கோப்பையின் முன் கை நின்றுவிட்டது. தெரியாதவள்போல, "உனக்குச் சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டுத் தொலைத்தேன். நான்கு வருடம் இதே மேசையில் குடித்தவனிடம்!

"மூணு. மறந்துட்டியா ரோஸ்விதா? எங்கேயாவது எழுதி வெச்சிருப்பியே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மூன்று கரண்டி போட்டேன்.

செப்டம்பர் 15

விடிந்ததும் மாடியில் நடந்தான். ஜன்னலுக்குப் போகும் வழியில் மூன்றாவது பலகை முனகும். நின்றான். திரும்பினான். மறுபடி நின்றான். கீழே அடுப்படியில் நான் அவன் அடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கை தானாகப் பென்சிலைத் தேடியது. பயந்துபோய்க் கையை வெந்நீரில் விட்டேன்.

சாயங்காலம் தேவாலயத்தில் நிற்க இடமில்லை. அந்தப் பழைய பாட்டுகளைத்தான் வாசித்தான். ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதியவள் நான். ஊர் எழுந்து நின்று கை தட்டியது, நானும் தட்டினேன்.

செப்டம்பர் 16

போய்விட்டான். ரயிலடியில் என் கையைப் பிடித்தான், வெகுநேரம் விடவில்லை.

வீட்டுக்கு வந்து சங்கத்தின் விருந்தினர் புத்தகத்தைத் திறந்தேன். வாசிக்க வருகிறவர் தங்கும் வீட்டில் அது இருக்கும். போகும்போது நாலு வரி எழுதிவிட்டுப் போவார். அடுத்த கச்சேரியன்று தேவாலய வாசலில் வைப்போம், ஊரே புரட்டிப் பார்க்கும்.

"மார்த்தாவுக்கு: பிளம் கேக்குக்கும் கதகதப்பான அறைக்கும் நன்றி. எக்கார்ட்."

அந்தப் போலீஸ் கோப்பில் தவிர வேறெங்கும் இல்லாத பெயர். படிச்சிருக்கான். படிச்சிட்டுத்தான் வந்திருக்கான். என் கட்டில்ல படுத்து, என் கேக்கைத் தின்னு, ஒரு வார்த்தை கேக்கலையே. திட்டியிருக்கலாமே பாவி!

செப்டம்பர் 24

பிளேடை எடுத்தேன். தையல் போட்ட புத்தகம். அந்தத் தாளை எடுத்தால் இன்னொரு தாளும் கழன்று வரும். அதில் போன வருடம் வந்த பாடகியின் கையெழுத்து இருக்கிறது. பிளேடை வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன்.

வால்ட்ராவுட் இரண்டு தடவை போன் செய்துவிட்டாள், புத்தகம் எங்கே என்று.

அக்டோபர் 5

பெயர்மேல் காப்பியைக் கொட்டிவிட்டால்? யார் கேட்கப் போகிறார்கள்?

அக்டோபர் 12

கொட்டவில்லை. இன்று கச்சேரி. புத்தகத்தை நானே கொண்டுபோய் வாசல் மேசையில் வைத்தேன். வால்ட்ராவுட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

"மார்த்தாவா? யாருடி அது? உன் வீட்ல அப்படி யாரும் இல்லையே. பாவம், மனுஷனுக்கு மறதி வந்துடுச்சு!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருந்தால் போதும், அதோடு முடிந்திருக்கும்.

"அவன் மறக்கல வால்ட்ராவுட். அந்த மார்த்தா நான்தான். அவனைப் பத்தி ரகசியப் போலீசுக்கு எழுதிக் கொடுத்தப்ப எனக்கு வெச்ச பேரு அது."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். நான் உள்ளே போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். தேவாலயம் நிறைந்தது, சிலர் சுவரோரம் நின்றார்கள். என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. கடைசிப் பாட்டு முடியும்வரை இருந்துவிட்டு வந்தேன்.