கடிகாரத்துக்கு முன்னால் எடுத்த படங்கள்

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அக்கா, மாப்பிள்ளை எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ தினமும் அனுப்பும் படத்தில் பார்த்துக்கொள்கிறோம், இருந்தாலும் உன் கையால் நாலு வரி எழுதினால் தேவலை. போனில் பேசலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் மாத்திரை போட்டீர்களா என்று ஆரம்பித்து, என் சர்க்கரைக்குள் நுழைந்து அம்மாவின் முழங்கால் வழியாக வெளியே போய்விடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். இதைப் படம் பிடித்து உடனே அனுப்பிவிடுகிறேன் என்றாள் அக்கா. அவள் படித்தால் மாப்பிள்ளை படித்த மாதிரி, மாப்பிள்ளை படித்தால் தெருவே படித்த மாதிரி, அதனால் கூரியரில் போடுகிறேன். ஐந்தே நாளில் போய்ச் சேரும் என்று கடைக்காரர் சொல்கிறார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக உட்கார்ந்தவனிடமே சொல்கிறார். நான் எட்டு என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

பின்பக்கச் சுவரில் மறுபடி ஈரம் ஏறுகிறது. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் பையன் பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற படிப்புதானே படிக்கிறான், அவனையே கேளுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். மாப்பிள்ளை உன் நகரத்தைப் பற்றி ஏதோ வீடியோ பார்த்தாராம், அங்கே இருக்கும் கோட்டையைத் தானே பக்கத்தில் நின்று கட்டியது போல எல்லோருக்கும் விளக்குகிறார். உன் அறைச் சுவர் நானூறு வருஷத்துச் சுவர், அதில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரி போட்ட சட்டத்தை அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் சட்டையை எங்கே மாட்டுகிறான் என்று நான் ஒருவன்தான் கேட்டேன். தொண்ணூற்றாறு கல்படி ஏறி அறைக்குப் போவது, துணி துவைக்கும் மெஷினுக்கு வரிசையில் நிற்பது, ஜன்னலைத் திறந்தால் சுற்றுலா வந்தவர்கள் உன்னையும் புராதனச் சின்னமாக நினைத்துப் படம் எடுப்பது எல்லாம் இவளுக்கு மனப்பாடம். காலையில் அரை மணி நேரம்தான் வெந்நீர் என்றாயே, அதற்குள் குளித்துவிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திங்கள் முதல் வியாழன் வரை நீ உன் ஊர்ச் சதுக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து, வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன் என்று எழுதி அனுப்புகிறாய். அம்மா உன் கன்னத்தைப் பார்க்கிறாள், அக்கா உன் கோட்டைப் பார்க்கிறாள், நான் உனக்குப் பின்னால் கோபுரத்தில் இருக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறேன். வேண்டுமென்று இல்லை. வண்டி உள்ளே நுழைந்தால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் டிரைவர் முகத்தைப் பார்ப்பேன், அந்தப் பழக்கம். உன் வகுப்பு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை என்று நீயே அனுப்பிய அட்டவணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. முதலில் கவனித்த படத்தில் பதினொன்று பத்து. அவ்வளவு பழைய ஊரில் கடிகாரமும் பழசாகி நின்றிருக்கும் என்று உனக்காக நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். மறுநாள் பத்து ஐம்பது, அதற்கு மறுநாள் பதினொன்று இருபத்தைந்து. நின்றுபோன கடிகாரம் இப்படி நடமாடாது. இதுவரை முப்பத்து மூன்று படம், ஒன்றுகூட ஒன்பதுக்கு முன்னால் இல்லை. டைம் கீப்பர் பெற்ற பிள்ளை, பொய் சொல்வதற்கு ஊரிலேயே பெரிய கடிகாரத்தின் முன்னால் போய் நிற்பானா? எனக்கு வருத்தம் பாதி என்றால் அவமானம் பாதி.

அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதால் இதை அவளிடம் மூச்சு விடவில்லை. உன் படத்தைக் காட்டும்போதெல்லாம், பையன் என்னமாய்ப் படிக்கிறான் பார் என்று நானே சொல்லி வந்தேன், அவளும் ஆமாம் ஆமாம் என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "ரெண்டு மாசமா அவன் பையில ஒரு நோட்டுகூட இல்லீங்க. பை தொங்குறதைப் பார்த்தாலே தெரியுதே. உங்களுக்குச் சர்க்கரை ஏறிடுமேன்னுதான் சொல்லலை." ஆக இரண்டு மாதமாக ஒரே வீட்டில், ஒரே படத்தைப் பார்த்து, ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம். நீ எங்களிடம் கற்றதில் ஆச்சரியம் இல்லை.

நேற்று பிரௌசிங் கடைக்குப் போனேன். கடைப் பெண் உன் பல்கலைக்கழகத்தின் விதியைத் தேடி எடுத்துத் தமிழில் சொன்னாள். வருகை குறைந்தவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் மனு கொடுத்தால் அதே பருவத்தைத் திரும்பப் படிக்கலாம். தேதி தாண்டினால் இடம் போய்விடும், விசாவும் கூடவே போய்விடும். இந்தக் கடிதம் வந்து சேரும்போது உனக்கு ஒன்பது நாள் மிச்சம் இருக்கும். படிக்கப் பிடிக்கவில்லை என்றால் வந்துவிடு, வீடு இருக்கிறது. ஆனால் தேதி போய்விட்டதால் வந்தேன் என்று வராதே, நீயே முடிவு செய்து வா.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், அவளுக்குத் தெரியாமலே இருக்கட்டும். குடும்பக் கஷ்டத்தால் நான் கல்லூரியை விட்டதாக அவள் நினைக்கிறாள். கஷ்டம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வருஷம் கணக்குப் பதிவியலில் தோற்றுப்போய், வகுப்பில் முகம் காட்ட வெட்கப்பட்டு, காலையில் சாப்பாட்டு டப்பாவும் நோட்டுமாகக் கிளம்பி, சாயங்காலம் வரை பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பேன். நாலு மாதம். எல்லா வண்டியின் நேரமும் அப்போதுதான் மனப்பாடம் ஆனது, வேலையும் அங்கேயே கிடைத்தது, திறமைசாலி என்றார்கள். ஒருநாள் ஒரு வண்டியிலிருந்து என் அப்பா இறங்கினார். பெஞ்சில் என்னைப் பார்த்தார். பார்க்காதவர் போல நடந்து போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பிடும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை, சாகும்வரை கேட்கவில்லை. என் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருப்பார். கேட்டிருந்தால் அன்றைக்கே அழுதிருப்பேன், மறுநாள் கல்லூரிக்குப் போயிருப்பேன். அவர் கேட்பார் கேட்பார் என்று பதினெட்டு வருஷம் காத்திருந்தேன். அதனால் நான் கேட்கிறேன். நீ வகுப்புக்குப் போகவில்லை, இல்லையா? என்னப்பா ஆச்சு?

பாஸானாலும் ஆகாவிட்டாலும் எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உன்னோடு இருக்கிறது. மனுவை மறக்காதே. வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுது. திட்டமாட்டேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், திட்டத்தான் திட்டுவேன். திட்டி முடிக்கும்வரை போனை வைத்துவிடாதே, அதற்குப் பிறகு என்ன செய்வது என்று சேர்ந்து யோசிப்போம்.

இப்படிக்கு,
உன் அப்பா