தாய்ப்பாறை

லேக் கார்டன்ஸ், வெள்ளிக்கிழமை

என் செல்லப் பெண்ணுக்கு அநேக ஆசீர்வாதம்.

போன ஞாயிறு இட்லி சாப்பிட்டுக்கொண்டே உன் ஆய்வக வேலையைப் பற்றிச் சொன்னாயே. கச்சா எண்ணெய் பிறந்த பாறையிலேயே இருக்காதாம். ஊர்ந்து போய் வேறொரு பாறையில் தங்கிவிடுமாம். ஆனாலும் அதற்குள் இருக்கும் மூலக்கூறுகளை வைத்தே பிறந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்றாய்.

“பொறந்த பாறைக்குத் தமிழ்ல என்னடி பேரு?” என்று கேட்டேன்.

“தாய்ப்பாறைம்மா” என்று சொல்லிவிட்டு, சட்டென்று தட்டைக் குனிந்து பார்த்தாய். நானும் “இன்னும் கொஞ்சம் சட்னி போடட்டுமா?” என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

உன்னைப் பெற்றவளைத் தேட ஆசைப்படுகிறாய், என்னிடம் கேட்கத் தயங்குகிறாய் என்று அப்போதே புரிந்தது. கைக்குழந்தையாக உன்னை எங்களிடம் கொடுத்த இல்லத்துக்கு நேற்று நானே போன் செய்தேன். நேரில் வந்தால் விவரம் சொல்வார்களாம்.

இந்த மாதச் செலவுக் கணக்கில் ரயில் டிக்கெட் இரண்டு என்று எழுதிவிட்டேன். நவராத்திரியில் அம்பாளுக்குச் சாத்திய பச்சைப் புடவையை அவளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அவளுக்கும் உன்னைப் போலப் பச்சை பிடிக்கும் என்று தோன்றுகிறது.

எண்ணெய் வந்து தங்குகிற பாறைக்கு என்ன பெயர் என்று அன்று கேட்க மறந்துவிட்டேன். வரும்போது சொல்.

உன் அம்மா