சதகுப்பை வாங்கியவன்

8.3.1982
ஆமாம், நான்தான் சமைக்கிறேன். அதில் என்ன வெட்கம்? பத்தாவதோடு படிப்பை விட்டவன், வேலையும் இல்லை. அம்மா ஆலைக்குப் போய்விடுகிறாள். தங்கச்சி கமலாவுக்கு ஒன்பது வயது. மாத்திரை தின்றும் வாரத்துக்கு நாலு வலிப்பு. அது அடங்கினால்தான் பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்ப்பார்களாம். ஆஸ்பத்திரி டாக்டர் வலிப்பு அடங்க ஒரு புதுச் சாப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறார். சோறு, இட்லி, சர்க்கரை கிடையாது. வெண்ணெய், முட்டை, மீன், எண்ணெய் மட்டும். எல்லாம் நிறுத்துப் போடணும். தட்டான் கடையில் கெஞ்சி ஒரு பழைய தராசு வாங்கி வந்தேன்.

10.3
துப்பிவிட்டாள்.

11.3
இன்றும். "வெண்ணெயப் பாத்தாலே கொமட்டுதுண்ணா." அம்மா அழுகிறாள். "ஒரு வாய் சோறு இல்லாம புள்ளையக் கொல்றியேடா! ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் சோறுதான்." மூன்று நாள். என்னத்தப் பண்ண?

12.3
டாக்டரிடம் ஓடினேன். மசாலா விதை ஒரு சிட்டிகை போடலாம், ஆனால் கணக்கில் சேர்க்கணும் என்றார். சீரகம் போட்டேன் — முகம் சுளித்தாள். சோம்பு — அதற்கும்தான். எதிர்வீட்டு ராஜாம்பாள், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் பெண்டாட்டி, ஜன்னலில் இருந்து கத்தினாள்: "சதகுப்பையப் போடேன்டா மடையா! நாங்க சைகோன்ல மீனுக்கு அதான் போடுவோம். வெண்ணெயில பொரிய வுட்டு மேல ஊத்து."

13.3
நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். வெண்ணெயில் படபடவென்று பொரிந்தது. முட்டை மேல் ஊற்றினேன். ஒரு வாய். இன்னொரு வாய். தட்டை வழித்து நக்கினாள்!

14.3
ஞாயிற்றுக்கிழமை. அம்மா சோறு போடவில்லை.

2.4
சிரித்து வயிறு வலிக்கிறது. ஊரில் சதகுப்பை வாங்குவதே பிள்ளை பெற்றவளுக்கு மருந்து இடிக்கத்தான். நான் வாராவாரம் வாங்குவதைப் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் பூண்டுக் குழம்போடு வந்து நின்றாள். "பச்ச ஒடம்புக்காரி எங்கடா? எங்க ஒளிச்சி வச்சிருக்க?" அம்மா துடைப்பத்தைத் தூக்கிவிட்டாள். "எவடா அவ? எந்த ஊரு?"
"கமலாதாம்மா! அவளுக்குத்தான்!"
அதற்கும் ஒரு அடி. சதகுப்பைப் பொட்டலத்தைக் காட்டிய பிறகுதான் விளங்கியது அவளுக்கு. பூண்டுக் குழம்பை அம்மாவே சோற்றில் போட்டுத் தின்றாள்.

21.4
ஒரு வலிப்பு. சின்னதுதான். இந்த மாதத்தில் இது ஒன்றுதான்.

5.6
அதற்கப்புறம் இல்லை. டாக்டர் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் கொடுத்தார்.

16.6
பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து மூன்று நாள். மத்தியானச் சாப்பாடு நான்தான் கொண்டுபோகிறேன். பக்கத்தில் உட்காரும் கொளஞ்சி நேற்று ஒரு வாய் கேட்டாளாம்.
"குடுத்தியா?"
"அதெல்லாம் நிறுத்துப் போட்டது. எனக்கே பத்தாதுன்னுட்டேன்."
மணி பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. கேரியர் ஆறிடும், போகணும்—