ஏழு நாள் நிறுத்த சோறு

வளம் பெருகுக. வெண்கரை நாட்டு மாமன்னர் வேங்கைமாறனார் திருவாய் மலர்ந்தபடி, தலைமை அமைச்சர் காரி நன்னனார் விடுக்கும் ஓலை. ஆற்றூர்க் கோட்டத்தைக் காத்து நிற்கும் நக்கன் பூதனார் கண்டு தெளிக. உமது துறைகளில் நீர் வற்றாதிருப்பதாக.

உமது கோட்டத்துப் பெரியவர் ஒவ்வொருவரும் எத்தனை வேளை, என்ன, எவ்வளவு உண்கின்றனர் என்று வினவி எழுதிய விடையோலைகள் வந்தன. அனைவரும் மூன்று வேளையும் வயிறார உண்பதாக அவை கூறின. அது மெய்யாயின், கோடைக்கு அரண்மனைக் களஞ்சியம் அனுப்பும் நெல்லை நிறுத்தலாம் என அவையோர் கருதினர். பட்டினி கிடந்தாலும் கேட்டவரிடம் உண்டோம் என்று முகம் மலரச் சொல்வது ஆற்றங்கரையார் வழக்கமாதலின், விடைகளைச் சோதித்தறிய உணவாய்வாளர் எயினனாரைத் துலாக்கோலுடன் அனுப்பினோம்.

அவர் ஓடக்காரன் அழிசியின் வீட்டில் ஏழு நாள் தங்கினார். அழிசி மனைவியை இழந்தவன், பிள்ளைகளும் இல்லை. மூன்று வேளையும் சோறாக்கினான், கெண்டைமீன் குழம்பு வைத்தான், எதிரே அமர்ந்து உண்டான். அவன் இலையில் விழுந்ததையெல்லாம் எயினனார் நிறுத்து எழுதினார். உடன் உண்ண ஒருவர் இருப்பது எத்துணை இனிது என்று அவருக்குத் தோன்றியது. ஆய்வோலையில் அதற்கு இடமில்லாமையால் எழுதாமல் விட்டார். விடைக்கும் எடைக்கும் ஒரு பிடி வேற்றுமையும் இல்லை. விடை மெய் என்று ஓலை எழுதிக்கொண்டு புறப்பட்டார்.

எடைக்கல் ஒன்றை மறந்து வந்தது பாதி வழியில் நினைவுக்கு வர, மறுநாள் உச்சிப்பொழுதில் திரும்பினார். அடுப்பு ஆறிக் கிடந்தது. அழிசி ஒரு கை அவலை மென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். விருந்தினரைத் தனியே உண்ணவிடுவது தங்கள் கரையில் இழுக்கு என்றும், கோடைக்கு வைத்திருந்த நெல் அந்த ஏழு நாளோடு தீர்ந்தது என்றும், ஆயினும் அவை நல்ல நாட்கள் என்றும், தன் ஒருவனுக்காக அடுப்பு மூட்டக் கை வருவதில்லை என்றும் அவன் சொன்னான்.

எயினனார் ஓலையை முறித்து ஆற்றில் விட்டார். அவைக்கு வந்து, தாம் அளந்ததெல்லாம் விருந்து என்றும், துலாக்கோலைப் பிடித்த தாமே அதன் தட்டில் ஏறி அமர்ந்திருந்ததாகவும் கூறித் தண்டனை வேண்டி நின்றார்.

மன்னர் தண்டிக்கவில்லை. வினாவோலையில் ஒரு வினாவைக் கூட்டினார்: யாருடன் உண்டீர்? அதை முதலில் எயினனாரிடமே கேட்டார். நாட்டாரையெல்லாம் கேட்டுத் திரிந்த அவரை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இப்பணி ஏற்ற பதினோர் ஆண்டுகளில் ஒருவருடன் உண்டது அந்த ஏழு நாட்களே என்றார்.

ஆதலின் ஆணை இது. பழைய விடையோலைகள் தள்ளப்பட்டன. கோடை நெல் குறைவின்றி வரும். அழிசி விருந்துக்குச் செலவிட்ட நெல்லும் அதில் சேர்ந்துள்ளது. புதிய வினாவை வீடுதோறும் கேட்க எயினனார் அந்த நெற்படகிலேயே வருகிறார். இனி அவர் ஆற்றூரில் தங்குவார். அழிசியிடம் இரண்டு இலை போடச் சொல்லும். இம்முறை துலாக்கோல் வராது.

மீன்கொத்தி முத்திரை இட்டு மூடினோம். உமது கண்ணில் பட்ட பொழுதே இது நடப்பதாக.