குரைப்பதற்கு முன்னால்

தலைச்சோலை
20.4.2025

கௌரிக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நாம் இல்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஃபோனில் நான் வாயைத் திறந்தாலே வைத்துவிடுகிறாய். கடிதத்தை வைத்துவிட முடியாது. பஸ் கண்டக்டர் சதீஷிடம் கொடுத்தனுப்புகிறேன். மாரமங்கலத்தில் உன் அம்மா வீட்டிலேயே சேர்த்துவிடுவான்.

நாய் டைனமோ நம் சக்தியைக் கடித்தது தப்புதான். மறுக்கவில்லை. ஆனால் நாய் சாப்பிடுகிற நேரத்தில் ஆறு வயதுக் குழந்தையை அந்தப் பக்கம் ஓட விட்டது யார்? நான் வாசலில் காப்பிப் பழத்தோல் உரிக்கிற பல்பர் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். நீ பார்த்திருக்க வேண்டும்.

எஸ்டேட் ரைட்டர் தனபால் தினமும் கேட்கிறார்: "ஏந்தம்பி, ஒரு ஊசியில முடியற வேலைக்கு எதுக்கு இத்தன யோசன?" நாயைக் கொல்ல நான் ஒப்பவில்லை. நம்மிடம் வருவதற்கு முன்னால் எஸ்டேட் பங்களாவில் இரண்டு வருஷம் சங்கிலியில் கட்டி மூங்கிலால் அடித்துத்தான் அது இப்படி ஆனது. அடித்துக் கெட்டதை அடித்துத் திருத்த முடியாது. சேலத்துக் கால்நடை டாக்டரிடம் கேட்டுவிட்டேன். தண்டனை கிடையாது. சரியாகச் செய்த நொடியில் தீனி, அவ்வளவுதான் முறை.

பள்ளிக்கூடம் திறக்க ஆறு வாரம் இருக்கிறது. எரிந்த மோட்டாரையே ஓட வைக்கிறேன். நாய் என்ன பெரிய விஷயம்? அதற்குள் நீங்கள் வந்துவிடலாம்.

ஜெயபிரகாஷ்


மாரமங்கலம்
25.4.2025

சக்தியின் அப்பாவுக்கு,

நீங்கள் விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன். காயம் ஆறிவிட்டது. மூன்று ஊசி முடிந்தது, கடைசி ஊசி மே 12. மூன்றாவது ஊசிக்கு நர்ஸ் பக்கத்தில் வந்ததும் சக்தி, "டைனமோவுக்கும் போட்டாச்சுங்களா? அதுவும் அழுதுச்சுங்களா?" என்று கேட்டாள். அந்தம்மா சிரித்துவிட்டார்.

நாயைப் பற்றித் தினமும் கேட்கிறாள். உங்களைப் பற்றிக் கேட்பதில்லை. ஏனுங்க, அது ஏன் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

அவள் கையில் ரத்தம் வந்தபோது நீங்கள் நாயை அதட்டவில்லை. என்னைத்தான் அதட்டினீர்கள். "கண்ண எங்கடி வெச்சிருந்த?" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தெரசம்மாக்கா ஓடி வந்தார்.

இத்துடன் டி.சி. கேட்கும் விண்ணப்பம் இருக்கிறது. அப்பா கையெழுத்து வேண்டுமாம். ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறது. அதற்குள் எனக்குத் தைரியம் வந்தால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். வராவிட்டால் சக்தி இங்கேயே இரண்டாம் வகுப்பு படிப்பாள்.

ஊறுகாய் பரணில் இருக்கிறது. வெறும் சோறு தின்னாதீர்கள்.

கௌரி


தலைச்சோலை
4.5.2025

கௌரிக்கு,

டி.சி. பேச்சு வேண்டாம். வேலை நடக்கிறது.

தெரசம்மாக்காவைக் குடையோடு கேட் பக்கம் நடக்கச் சொல்கிறேன். டைனமோ பாய்ந்து குரைக்கும். குரைப்பை நிறுத்திய அதே நொடியில் "சரி" என்று சொல்லி, வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. முதல் நாள் நிறுத்துவதற்கு நாலு நிமிஷம் ஆனது. இன்றைக்கு மூன்று நொடி! அக்காதான் புலம்புகிறார்: "ஏங்கண்ணு, நடக்கறது நானு, ஈரலு அதுக்கா?"

ஒன்று மட்டும் புரியவில்லை. நிறுத்துகிற வேகம் கூடியிருக்கிறது, ஆனால் குரைக்கிற தடவையும் கூடியிருக்கிறது. முன்பு ஒரு நாளைக்குப் பத்துப் பதினொன்று. நேற்று முப்பத்திரண்டு. யாருமே இல்லாத ரோட்டைப் பார்த்துக்கூடக் குரைக்கிறது. குரைத்துவிட்டு உடனே என்னைத் திரும்பிப் பார்க்கிறது. ஏதோ சின்னப் பிழை. கண்டுபிடித்துவிடுவேன்.

ஜெயபிரகாஷ்


மாரமங்கலம்
9.5.2025

சக்தியின் அப்பாவுக்கு,

குரைத்தால்தானே நிறுத்த முடியும்? நிறுத்தினால்தானே ஈரல்? அதனால் குரைக்கிறது. நாய் சரியாகத்தான் படித்திருக்கிறது.

இது எனக்கு உடனே புரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. கோபப்படாமல் படியுங்கள்.

ஏழு வருஷமாக நம் வீட்டில் என்ன நடக்கிறது? நீங்கள் கத்துவீர்கள். நான் பேசாமல் இருப்பேன். நீங்கள் ஓய்ந்ததும் வரக்காப்பி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காருவேன். அப்பாடா, நின்றுவிட்டதே என்கிற நிம்மதியில் சிரித்துக்கூடப் பேசுவேன். நீங்கள் கத்தாத நாட்களில் ஒரு நாளாவது அப்படி வந்து உட்கார்ந்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. அந்த நாட்களில் அடுத்த கத்தலுக்குப் பயந்துகொண்டு அடுப்படியிலேயே இருந்திருக்கிறேன்.

கத்தியது உங்கள் தப்பு. காப்பி என் தப்பு. இனி அந்தக் காப்பி கிடையாது.

கௌரி


தலைச்சோலை
13.5.2025

கௌரி,

நான் உனக்கு நாயா? இரண்டு பக்கம் எழுதத் தெரிந்ததும் எனக்கே பாடம் நடத்துகிறாயா? குழந்தையைக் கவனிக்காமல் விட்டவள் நீ. அதை மறைக்க இவ்வளவு வியாக்கியானம். கையெழுத்துப் போட மாட்டேன். என்ன செய்வாயோ செய்துகொள்.

ஜெ.


தலைச்சோலை
22.5.2025

கௌரிக்கு,

ஒன்பது நாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. எதிர்பார்க்கிற தகுதியும் எனக்கு இல்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் வீட்டு வாசல் கேமராவில் முப்பது நாள் பதிவுதான் நிற்கும். போன கடிதத்தைச் சதீஷிடம் கொடுத்துவிட்டு வந்து, அழிவதற்குள் நாய் கடித்த அன்றைய ஏப்ரல் 14 பதிவை எடுத்து உனக்கு அனுப்பி, தப்பு உன்னுடையது என்று நிரூபிக்கலாம் என உட்கார்ந்தேன்.

அந்தக் கேமராவில் சத்தம் பதிவாகாது. படம் மட்டும்தான்.

நாய் சாப்பிடவில்லை. தட்டே அங்கு இல்லை. பேரிங்கை நீ இடம் மாற்றி வைத்ததற்காக நான் உன் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து நிற்கிறேன். கையில் ஸ்பானர், தலைக்கு மேலே. டைனமோ சுவரோடு ஒட்டி, வாலை இடுக்கிக்கொண்டு நடுங்குகிறது. சக்தி ஓடி வந்து என் காலைப் பிடித்து இழுக்கிறாள். நான் குனிந்து பார்க்கவேயில்லை. ஸ்பானரை இன்னும் மேலே ஓங்குகிறேன். அந்த நொடியில்தான் நாய் பாய்ந்தது, குறுக்கே இருந்த சக்தியின் கையைக் கடித்தது.

ஆறு தடவை போட்டுப் பார்த்தேன். வேறு மாதிரி தெரியவில்லை.

ஈரல் விஷயத்திலும் நீ சொன்னதே சரி. இப்போது ஆள் நாற்பது அடி தூரத்தில் தெரிந்ததுமே, அது குரைப்பதற்கு முன்னால், தீனி கொடுக்கிறேன். மெல்ல மெல்லத் தூரத்தைக் குறைக்கிறேன். நேற்று நாலே தடவைதான் குரைத்தது. ஆனால் முந்தாநாள் தனபாலிடம் நான் எகிறியதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒன்றுக்கு இருந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க என் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை. அதற்கு என் மேல்தான் பயம்.

ஜெயபிரகாஷ்


மாரமங்கலம்
27.5.2025

சக்தியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஸ்பானரை நீங்களே எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நொம்ப நேரம் அழுதேன். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

ஞாயிறு ஒன்றாம் தேதி பதினோரு மணி பஸ்ஸில் வருகிறோம். மூன்று மணி பஸ்ஸில் திரும்புவோம். அந்த நாலு மணி நேரமும் நல்லபடியாகப் போனால் திங்கட்கிழமை பள்ளிக்கு அங்கேயே வந்துவிடுகிறோம். நடுவில் உங்கள் குரல் உயர்ந்தால் நான் திட்ட மாட்டேன், அழ மாட்டேன், காரணமும் கேட்க மாட்டேன். அடுத்த பஸ்ஸில் போய்விடுவோம்.

கௌரி


தலைச்சோலை
1.6.2025

அன்புள்ள கௌரிக்கு,

பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கே போய்விட்டீர்கள். பஸ் கொண்டை ஊசி வளைவில் மறைந்ததும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

டைனமோ பரீட்சையில் பாஸ். கேட்டைத் திறந்து நீங்கள் வந்தபோது உங்களைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. குரைக்கவில்லை. சக்தி இருபது அடியிலிருந்து ஈரலை வீசினாள், வாலை ஆட்டியது. "அப்பா, எம்பட பேச்சு கேக்குதுங்க!" என்று ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

அப்புறம் துண்டை வீசாமல் கையில் வைத்து நீட்டினாள். நான் "ஏய்!" என்று கத்தினேன். கடித்துவிடுமோ என்கிற பயத்தில் கத்தினேன் என்று எழுத வந்தேன். ஆனால் எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். நாய் கட்டிலுக்கு அடியில் ஓடியது. சக்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அந்தக் கை அவ்வளவு வேகமாகக் காதுக்குப் போகிறது என்றால், எத்தனை தடவை போய்ப் பழகியிருக்கும்?

நீ சொன்னபடியே எழுந்தாய். அவளுக்குச் செருப்பை மாட்டிவிட்டு நடந்தாய். பின்னாலேயே வந்து வழக்கம் போலக் கெஞ்சலாம் என்று கேட் வரைக்கும் வந்தேன். நின்றுவிட்டேன். நீ செய்ததுதான் சரி.

டி.சி. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். சக்தி அங்கேயே படிக்கட்டும். கட்டாயத்துக்காகப் போடவில்லை. ஜூன் இரண்டு என்கிற தேதி நாய்க்குத்தான் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதாது.

அடுத்த ஞாயிறு சந்தைக்கு இந்த வழியாக ஏற்காடு போவாய் என்று தெரியும். இங்கே இறங்க வேண்டாம். சக்தியை ஜன்னல் பக்கம் உட்கார வை. நான் ஸ்டாப்பில், ரோட்டுக்கு அந்தப் பக்கம், நாற்பது அடி தள்ளி நிற்கிறேன். கையைக்கூட ஆட்ட மாட்டேன். அவள் பார்த்தால் போதும்.

ஜெயபிரகாஷ்